தாளக்காரர்கள் பெயரில் ஒரு இசைக்குழு

கச்சேரி நோட்டீஸில் பாடுகிறவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மிருதங்கக்காரர் பெயரைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். மேல்நாட்டு ராக் குழுக்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். பாடுகிறவரையும், முன்னால் நின்று கிட்டார் வாசிக்கிறவரையும்தான் கூட்டம் பார்க்கும். பின்னால் டிரம்ஸ் அடிப்பவரும் பாஸ் கிட்டார் வாசிப்பவரும் யாரென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

1967-ல் லண்டனில் பீட்டர் கிரீன் என்ற இருபது வயது இளைஞர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். புதிதாக ஒரு குழு ஆரம்பித்தார். பாட்டு எழுதுவது அவர், பாடுவது அவர், கிட்டாரும் அவர். ஆனால் குழுவுக்குத் தன் பெயரை வைக்கவில்லை. டிரம்ஸ்காரர் மிக் ஃப்ளீட்வுட், பாஸ் வாசித்த ஜான் மெக்வீ, இந்த இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி 'ஃப்ளீட்வுட் மேக்' என்று வைத்தார். இதில் வேடிக்கை, அந்த மெக்வீ அப்போது குழுவில் சேரவே இல்லை!

இந்தக் குழுவை நான் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். அலுவலகத்தில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார், ப்ளூஸ் இசைப் பித்தர். "ஃப்ளீட்வுட் மேக் 1970-லேயே முடிந்துபோச்சு சார். அதுக்கப்புறம் வந்தது வேற கம்பெனி, அதே போர்டு" என்பார். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடையில் நான் பதிந்து வாங்கிய 'ரூமர்ஸ்' கேசட்டைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்த விவாதம் எங்களுக்குள் அவர் ஓய்வு பெறும் வரை ஓடியது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலில் அவர் கட்சியையே சொல்லிவிடுகிறேன்.

ஜான் மேயால் என்று ஒருவர் லண்டனில் 'ப்ளூஸ்பிரேக்கர்ஸ்' என்ற குழுவை நடத்தி வந்தார். கிட்டத்தட்ட ஒரு குருகுலம் அது. எரிக் கிளாப்டன் அங்கே வாசித்துப் புகழ்பெற்று, 1966-ல் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் பீட்டர் கிரீன். லண்டனின் கிழக்குப் பகுதியில் பெத்னல் கிரீனில் பிறந்தவர், சாதாரண யூதக் குடும்பம். கிளாப்டனைப் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால் அவர் இடத்தில் நிற்பது லேசான காரியமா? கிரீன் வேகத்தில் போட்டி போடவில்லை. ஒரு சுரத்தை இழுத்து, நிறுத்தி, அடுத்ததற்கு நம்மைக் காத்திருக்க வைத்தார். அவருடைய கிட்டாரின் ஒரு காந்தம் திருப்பிப் பொருத்தப்பட்டிருந்ததால் அதன் ஒலி கொஞ்சம் மூக்கடைத்தாற்போல, அழுதுவிட்டு வந்தவர் பேசுவதுபோல இருக்கும். பி.பி. கிங் போன்ற ப்ளூஸ் மேதையே அந்த வாசிப்பைக் கேட்டுத் தனக்கு வியர்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

மெக்வீயும் மேயாலிடம்தான் இருந்தார். அதற்கு முன்பு அவர் வருமான வரி அலுவலகத்தில் பயிற்சி ஆய்வாளர். முப்பத்து மூன்று வருடம் வரித்துறையில் குப்பை கொட்டிய எனக்கு இந்தச் செய்தியைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நம் துறைக்காரருக்கே உரிய குணமும் அவரிடம் இருந்தது. மேயாலிடம் மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் வருகிறது, புதுக் குழுவை நம்பி அதை ஏன் விட வேண்டும் என்று யோசித்தார். அவர் பெயரைக் குழுவுக்கு வைத்தது அவரை இழுக்கப் போட்ட தூண்டில் என்றும் சொல்வார்கள். 1967 ஆகஸ்டில் வின்ட்சர் இசை விழாவில் முதல் கச்சேரி நடந்தபோதுகூட பாஸ் வாசித்தவர் வேறொருவர். மேயாலின் குழுவில் ஊதுகருவிகள் கூடி ஜாஸ் பக்கம் சாய ஆரம்பித்த பிறகுதான் மெக்வீ அங்கிருந்து கிளம்பி வந்தார். வந்தவர் பிறகு நகரவே இல்லை.

பெயர் வைத்ததற்கு இன்னொரு காரணத்தையும் மிக் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் ஒருநாள் போய்விடுவேன், அப்போது உங்கள் இருவருக்கும் ஒரு குழுவாவது மிஞ்சட்டும் என்று கிரீன் நினைத்தாராம். இருபது வயதில் எந்தக் கலைஞனுக்கு இப்படித் தோன்றும்?

அந்த முதல் மூன்று வருடங்களில் வந்த இசை அபாரமானது. ஜெரெமி ஸ்பென்சர் என்ற இரண்டாவது கிட்டார்காரர், பின்னர் 18 வயதில் வந்து சேர்ந்த டேனி கெர்வன், ஆக மூன்று கிட்டார்கள். 'பிளாக் மேஜிக் உமன்' என்ற பாட்டை சான்டானாவின் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1968-ல் அதை எழுதி முதலில் பாடியவர் கிரீன். அந்த வருடக் கடைசியில் 'ஆல்பட்ராஸ்' வந்தது. பாட்டே இல்லாத வெறும் வாத்திய இசை. 1969 ஜனவரியில் இங்கிலாந்தில் முதலிடம். பெருங்கடலின் மேல் சிறகை அசைக்காமல் மிதக்கும் பறவையின் பெயர் அது. இசையும் அப்படியேதான். மிக் குச்சிகளை வைத்துவிட்டு, முனையில் மெத்தை கட்டிய கோல்களால் டிரம்மை வருடுகிறார். மெக்வீயின் பாஸ் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சுரங்களுக்கு இடையே அலைபோலப் போய்ப்போய் வருகிறது. மேலே கிட்டார் மிதக்கிறது. பீட்டில்ஸ் தங்கள் 'சன் கிங்' பாட்டுக்கு இதிலிருந்துதான் தூண்டுதல் பெற்றார்கள் என்று ஜார்ஜ் ஹாரிசனே சொன்னதுண்டு. அந்த இரண்டு சுரங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

புகழும் பணமும் வர வர, கிரீனின் மனம் வேறு பக்கம் போனது. பணத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று குழுவினரிடம் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. 1970 மார்ச்சில் ஜெர்மனியில் ம்யூனிக் நகருக்குப் போனபோது ஒரு கூட்டுக் குடியிருப்பில் எல்.எஸ்.டி. என்ற போதை மருந்தை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து அவர் முழுசாகத் திரும்பவே இல்லை என்பது மிக்கின் கருத்து. அதற்கு முன்பே நோய் இருந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. மே மாதம் குழுவை விட்டுப் போனார். பின்னர் மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். மின்அதிர்ச்சி சிகிச்சையும் நடந்தது. 1977-ல் தன் கணக்காளரைத் துப்பாக்கி பற்றிப் பேசி மிரட்டியதாகக் கைதானார். தனக்குப் பணம் அனுப்புவதை நிறுத்து என்பதுதான் தகராறு என்று சொல்லப்படுகிறது. பணம் வரவில்லை என்று சண்டை போட்டவர்களின் கோப்புகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். வருகிறதே என்று சண்டை போட்டவரை இவர் ஒருவரிடம்தான் கண்டேன்.

1977-ஐக் கவனியுங்கள். அதே வருடம்தான் அவர் பெயரிட்ட குழுவின் 'ரூமர்ஸ்' உலகத்தையே வளைத்துப் போட்டது.

அதற்கு இடையில் இருந்த ஏழு வருடத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சாபம் பிடித்த வீடு போல ஒவ்வொரு கிட்டார்காரராக விழுந்தார்கள். 1971 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் ஓட்டலிலிருந்து புத்தகக் கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பிய ஜெரெமி ஸ்பென்சர் திரும்பவில்லை. நாலைந்து நாள் தேடிய பிறகு ஒரு மதக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. பாதிப் பயணத்தில் நிற்கிறார்கள். பீட்டர் கிரீனே வந்து மீதிக் கச்சேரிகளை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். 1972-ல் டேனி கெர்வன் மேடை ஏற மறுத்து, கிட்டாரை உடைத்து, வேலையை இழந்தார். பிறகு வீடில்லாமல் அலைந்த காலமெல்லாம் அவருக்கு உண்டு. அடுத்து வந்த பாப் வெஸ்டன், மிக்கின் மனைவியோடு ஏற்பட்ட உறவால் வெளியேற்றப்பட்டார். மிச்சப் பயணம் ரத்து.

அப்போது அவர்களுடைய மேனேஜர் ஒரு காரியம் செய்தார். 'ஃப்ளீட்வுட் மேக்' என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத சில வாத்தியக்காரர்களைச் சேர்த்து 1974 ஆரம்பத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்! மேடையில் மிக்கும் இல்லை, மெக்வீயும் இல்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. "அதே போர்டு, வேற கம்பெனி" என்று என் நண்பர் சொன்னது உண்மையில் இந்தக் கொஞ்ச காலத்துக்குத்தான் பொருந்தும். பெயருக்கு உரியவர்கள் யார் என்ற கேள்விக்கு அப்போது கூட்டமே பதில் சொல்லிவிட்டது. பாடகர் மாறியதை ஏற்றுக்கொண்ட ஜனங்கள், தாளக்காரர் இல்லாததை ஏற்கவில்லை.

இந்தக் காலத்தில் குழுவைத் தாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜான் மெக்வீயின் மனைவி கிறிஸ்டீன். அவரும் ப்ளூஸ் குழுவில் பியானோ வாசித்துப் பாடியவர்தான், 1970-ல் சேர்ந்தார். குரலில் அலட்டல் கிடையாது, பக்கத்து வீட்டு அக்கா நம்மிடம் பேசுவது போல இருக்கும். இன்னொருவர் பாப் வெல்ச் என்ற கலிஃபோர்னியாக்காரர். ப்ளூஸிலிருந்து மெல்லிசைக்குப் பாலம் போட்டதும், குழுவை அமெரிக்காவுக்குக் குடிபெயர வைத்ததும் இவர்தான். 'ஹிப்னடைஸ்டு' என்ற அவர் பாட்டை இன்றும் ராத்திரியில் கேட்கலாம். 1998-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இந்தக் குழுவுக்கு இடம் கொடுத்தபோது எட்டுப் பேர் பெயரைச் சேர்த்தார்கள், வெல்ச் பெயரை விட்டுவிட்டார்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை.

1974 கடைசியில் வெல்ச்சும் விலக, மிக் ஒரு கிட்டார்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சலீஸில் சவுண்ட் சிட்டி என்ற ஒலிப்பதிவுக் கூடத்தைப் பார்க்கப் போனபோது, கூடத்தின் ஒலி எப்படி என்று காட்ட ஒரு பாட்டைப் போட்டார்கள். அதில் கிட்டார் வாசித்தவர் லிண்ட்ஸி பக்கிங்ஹாம். கேட்டனுப்பினால், என் தோழி ஸ்டீவி நிக்ஸையும் சேர்த்துக்கொண்டால்தான் வருவேன் என்றார் அவர். அந்த நிபந்தனைக்கு மிக் சரி என்றது குழுவின் தலையெழுத்தை மாற்றியது. 1975-ல் வந்த ஆல்பம் அவசரமே இல்லாமல் மெல்ல ஏறி, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது.

பிறகு 'ரூமர்ஸ்'. 1976-ல் கலிஃபோர்னியாவில் சாஸலிட்டோ என்ற ஊரில், ஜன்னல் இல்லாத கூடத்தில் பதிவு தொடங்கியது. ஜானும் கிறிஸ்டீனும் விவாகரத்து. லிண்ட்ஸியும் ஸ்டீவியும் பிரிவு. மிக்கின் குடும்பமும் உடைகிறது. ஐந்து பேரும் தினமும் ஒரே அறை. லிண்ட்ஸி தன்னை விட்டுப் போனவளைப் பற்றிப் பாட்டு எழுதுகிறார். அதற்குப் பின்பாட்டு பாட வேண்டியவர் அதே ஸ்டீவி. கிறிஸ்டீன் புதிதாக வந்த காதலைப் பற்றி எழுதுகிறார். அதற்கு பாஸ் வாசிக்க வேண்டியவர் பழைய கணவர் ஜான். அந்தப் பாட்டு நாய்க்குட்டியைப் பற்றியது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தாராம்! குழுவுக்குள் நடப்பதைப் பற்றி ஊரெல்லாம் வதந்தி என்பதால் ஆல்பத்துக்கு 'வதந்திகள்' என்று பெயர் சூட்டியவரும் ஜான் மெக்வீதான். பேசவே பேசாத ஆள், பேசினால் இப்படி.

இந்த ஆல்பத்தை எல்லோரும் காதல் தோல்விக் கதையாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது கீழே ஓடும் சமாசாரம். 'கோ யுவர் ஓன் வே' பாட்டுக்கு ஒரு குறிப்பிட்ட தாளம் வேண்டும் என்று லிண்ட்ஸி கேட்டார், ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றில் இருப்பது போல. மிக் முறையாகப் படித்தவர் அல்ல. எழுத்து மாறித் தெரியும் டிஸ்லெக்ஸியா அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கேட்டதைக் கேட்டபடி அடிக்க வரவில்லை. தனக்கு வந்ததை அடித்தார். அந்த வரவழைக்க முடியாத தடுமாற்றம்தான் அந்தப் பாட்டின் உயிர். 'தி செயின்' பாட்டு பல துண்டுகளை வெட்டி ஒட்டியது. ஐந்து பேர் பெயரும் சேர்ந்து இருக்கும் ஒரே பாட்டு அந்த ஆல்பத்தில் இதுதான். நடுவில் எல்லாம் நின்றுபோய், ஜான் மெக்வீயின் பாஸ் மட்டும் தனியாக எழும். பி.பி.சி. தன் கார்ப் பந்தய ஒளிபரப்புக்குப் பல வருடம் முகப்பு இசையாக வைத்தது அந்தச் சில விநாடிகளைத்தான்.

இன்னொரு சம்பவம். ஒரே டேப்பை மாதக்கணக்கில் ஓட்டி ஓட்டி அதன் மேல்பூச்சு தேய்ந்து ஒலி மங்கிவிட்டது. நல்லவேளையாக ஒரு பிரதி இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமே. ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் பழைய டேப்பை இடது காதிலும் பிரதியை வலது காதிலும் வைத்துக்கொண்டு, மிக்கின் டிரம் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு, வேகத்தைத் திருகித் திருகி இரண்டையும் சேர்த்தார். இன்று நாம் கேட்கும் 'ரூமர்ஸ்' அந்த டிரம் அடியைப் பிடித்துக் கரையேறியதுதான்.

1977 பிப்ரவரியில் வெளியானது. அமெரிக்காவில் 31 வாரம் முதலிடம், உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்பனை.

அதில் 'ட்ரீம்ஸ்' என்று ஸ்டீவி நிக்ஸ் பாட்டு. அமெரிக்காவில் இவர்களுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்த ஒரே தனிப்பாட்டு. கொண்டுவந்தபோது இரண்டு மூன்று கார்டுதான் இருக்கிறது, சப்பென்று இருக்கிறதே என்று கிறிஸ்டீனுக்குத் தோன்றியதாம். டிரம்ஸ் சில வட்டம் அடித்ததை வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓட விட்டார்கள். மெக்வீயின் பாஸ் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டுக்கு இடையே போய்ப்போய் வருகிறது. மேலே ஒரு குரல் மிதக்கிறது. 'ஆல்பட்ராஸ்' ஞாபகம் வருகிறதா? ஒன்பது வருடம் தள்ளி, வேறு கண்டத்தில், வேறு பாடகியோடு, அதே கடல். கிட்டார் இருந்த இடத்தில் பெண் குரல், அவ்வளவே. இதை நண்பருக்கு இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பாஸ் மட்டும் ஒண்ணுதான்" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

'ரூமர்ஸ்' போலவே இன்னொன்று செய்திருந்தால் காசு கொட்டியிருக்கும். லிண்ட்ஸி ஒப்பவில்லை. 1979-ல் 'டஸ்க்', இரட்டை ஆல்பம், பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. தலைப்புப் பாட்டுக்கு ஒரு பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழுவை, காலியான டாட்ஜர் மைதானத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். மெக்வீ அன்று ஊரில் இல்லை. அவர் உருவத்தை அட்டையில் வெட்டித் தூக்கிக்கொண்டு மிக் நடந்தார். ஆல்பம் முந்தையது போல விற்கவில்லை. எனக்கோ சில நாட்களில் 'ரூமர்ஸ்'ஸைவிட இது பிடிக்கும், சில நாட்களில் பாதியில் நிறுத்திவிடுவேன். 1987-ல் வந்த 'டேங்கோ இன் தி நைட்' பளபளப்பாக இருக்கும். அதோடு லிண்ட்ஸி போனார், பத்து வருடம் கழித்து வந்தார், 2018-ல் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சண்டைகளை எழுத எனக்கு ஆர்வமில்லை.

1998-ல் அந்த ஹால் ஆஃப் ஃபேம் விழாவுக்கு பீட்டர் கிரீன் வந்திருந்தார். பல வருட இருட்டுக்குப் பிறகு மெல்லத் திரும்பியிருந்த காலம். அவர் மேடையேறியது தன் பழைய குழுவோடு அல்ல. அன்றைக்கே கௌரவிக்கப்பட்ட சான்டானாவோடு நின்று 'பிளாக் மேஜிக் உமன்' வாசித்தார். 2020 பிப்ரவரியில் லண்டன் பல்லேடியம் அரங்கில் கிரீனுக்காகவே மிக் ஒரு பெரிய கச்சேரி ஏற்பாடு செய்தார். அதே ஜூலையில் கிரீன் தூக்கத்திலேயே காலமானார், வயது 73. 2022 நவம்பரில் கிறிஸ்டீனும் போய்விட்டார். கிறிஸ்டீன் இல்லாமல் இனி இதைத் தொடர்வதற்கில்லை என்று ஸ்டீவி நிக்ஸ் சொல்லிவிட்டார்.

கேட்டுப் பார்க்க விரும்புபவர்கள் 'ஆல்பட்ராஸ்', 'ஹிப்னடைஸ்டு', 'ட்ரீம்ஸ்', 'டஸ்க்' என்ற வரிசையில் நாலே நாலு கேட்டால் போதும், கால் மணி நேரம் ஆகும். யூடியூபில் எல்லாம் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் ஹெட்போன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போன் ஸ்பீக்கரில் மெக்வீயின் பாஸ் காதில் விழாது.